மாலை ஆங்கில வகுப்பு ரீச்சர்மாருக்குப் பயிற்சி: மாதம் ரெண்டு மணித்தியாலத்தில என்ன செய்யலாம்?

கோண்டாவில்வாசி எழுதியது:

வணக்கம். எங்கட சனசமூக நிலையத்தில கிழமைக்கு மூண்டு நாள், பின்னேரம் 5.30இல இருந்து 7 மணி மட்டும் வளர்ந்தோருக்கு ஆங்கில வகுப்பு நடக்குது. மூண்டு பிரிவு, ஆறு ரீச்சர்மார், ஒரு பிரிவில 18 பேர் அளவில. கடையில நிக்கிறவை, தாதிமார், ஓட்டோ ஓட்டுறவை, கலியாணம் முடிச்சு லண்டன் போக இருக்கிற பிள்ளையள், பென்சன் எடுத்த ஐயாமார் எண்டு எல்லாரும் வருகினம். ரீச்சர்மாரில ரெண்டு பேர்தான் முறையாப் பயிற்சி எடுத்தவை. மற்ற நாலு பேருக்கும் ஆங்கிலம் நல்லாத் தெரியும், படிப்பிக்கிற பயிற்சி இல்லை.

ஒருநாள் பயிலரங்குகளுக்கு அனுப்பிப் பாத்தம். கட்டுத் தாளோட வந்தினம், அடுத்த கிழமை பழையபடி பழைய வகுப்புத்தான். இப்ப மாதம் ஒரு சனிக்கிழமை ரெண்டு மணித்தியாலம் ஒதுக்க எல்லாருக்கும் சம்மதம். வெளியில இருந்து ஆள் கூப்பிடக் காசில்லை. அந்த ரெண்டு மணித்தியாலத்தை எப்பிடிப் பாவிக்கிறது? ஒழுங்கா நடத்திப் பழகின ஆக்கள் சொல்லுங்கோ.

கரும்பலகை எழுதியது:

பயிலரங்கில தாற தாள் ஆற்றையோ வகுப்புக்கு எழுதினது. உங்கட வகுப்பில என்ன நடக்குதெண்டு தெரியாமல் அதை எங்க பொருத்துறது? அதால முதல் மூண்டு மாதத்துக்குப் புதுசா ஒண்டும் படிக்க வேண்டாம். இப்ப நடக்கிறதைப் பாக்கப் பழகுங்கோ.

தொடங்க லேசான கருவி, வகுப்பு வரைபடம். ஒரு ஏ4 தாளில வாங்குகளை வரைஞ்சு ஆளுக்கொரு பெட்டி போடுங்கோ. ஒரு ரீச்சர் மற்ற ரீச்சரின்ர வகுப்பில பின்வாங்கில 20 நிமிசம் இருக்கவேணும். ரீச்சர் ஒராளைப் பாத்துக் கேட்டால் அந்தப் பெட்டிக்குள்ள போற அம்புக்குறி. ஆள் கதைச்சால் வெளியில வாற அம்புக்குறி. ஒரு சொல்லில பதில் சொன்னால் அம்புக்குறியில ஒரு புள்ளி. வேற ஒண்டும் எழுதக் கூடாது. "நல்லாயிருந்தது", "குரல் காணாது" எண்ட கருத்தெல்லாம் வந்தால் அது மேற்பார்வை ஆயிடும், அடுத்த முறை உங்களுக்குக் காட்டவெண்டு நடிக்கிற வகுப்புத்தான் பாக்கக் கிடைக்கும்.

இந்தத் தாளில அநேகமா வாறது: முன்வரிசையும் நடுவும் அம்புக்குறியால நிரம்பியிருக்கும், ஓரமும் பின்னும் வெறுமை. எங்கட ஊரில இன்னொண்டும் வரும். வயசு போன ஆக்களின்ர பெட்டி வெறுமையா இருக்கும். 26 வயசு ரீச்சர் 58 வயசு ஐயாவைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டா. "ஐயா" எண்டு கூப்பிட்டால் நாலு ஐயாமார் திரும்புவினம். அதால அவையளைக் கேக்கிறதே இல்லை, இளம் பிள்ளையள்தான் முழுக்கக் கதைக்கும். ஐயாவுக்கு விருப்பம் இல்லையெண்டு ரீச்சர் நினைப்பா, உண்மையில அவரை ஒருத்தரும் கேக்கேல்லை. தீர்வு சின்னது: முதல் நாளே ஆங்கிலத்தில மிஸ்டர், மிஸிஸ் போட்டுப் பேர் சொல்லிக் கூப்பிடுற வழக்கத்தை ஒரு பாடமாவே படிப்பிச்சு, ஒவ்வொருத்தரையும் எப்பிடிக் கூப்பிட வேணுமெண்டு அவையளிட்டயே கேட்டு அட்டையில எழுதி முன்னால வைக்கச் சொல்லுங்கோ. ஆங்கிலத்தில அது மரியாதைக் குறைவில்லை, எல்லாருக்கும் அது விளங்கும்.

ரெண்டாவது கருவி போன். வகுப்புத் தொடங்கி 30 நிமிசத்துக்குப் பிறகு, நடுவில 10 நிமிசம் ஒலிப்பதிவு. தொடக்கத்தை எடுக்காதேங்கோ, எல்லாரும் விறைப்பா இருப்பினம். போனை வாங்கில நேரா வைச்சால் கதிரை இழுக்கிற சத்தமும் கொப்பி போடுற சத்தமும் பலகையால ஏறி எல்லாத்தையும் மூடிப்போடும். நாலாய் மடிச்ச லேஞ்சி ஒண்டை அடியில வையுங்கோ, காத்தாடிக்கு நேர கீழ வேண்டாம். படிக்கிறவையளிட்ட முதலே அனுமதி கேக்க வேணும், கூட்டம் முடிய அழிக்க வேணும்.

அந்தப் பத்தில மூண்டு நிமிசத்தை மட்டும் சொல்லுக்குச் சொல் கையால எழுதுங்கோ. அதுக்கே அரை மணித்தியாலம் போகும், ஆனால் அந்த அரை மணித்தியாலத்திலதான் படிப்பு நடக்கிறது. எழுதின பிறகு ரெண்டே ரெண்டு கணக்கு. முதலாவது, ரீச்சர் கேட்ட கேள்வியளில எத்தினை பதில் தெரிஞ்சே கேட்டது? பேனையைத் தூக்கிக் காட்டி "வட் இஸ் திஸ்?" எண்டது அந்த வகை. "உங்கட கடை எத்தினை மணிக்குப் பூட்டுறது?" எண்டு ஆங்கிலத்தில கேட்டது மற்ற வகை, அதுக்குப் பதில் ரீச்சருக்குத் தெரியாது. வளர்ந்த ஆள் ரெண்டாவதுக்குத்தான் வசனமாப் பதில் சொல்லுவார். அடுத்தது, கேள்வி கேட்டபிறகு எத்தினை செக்கன் பொறுத்தவ? அமெரிக்காவில மேரி பட் றோ 1970களிலயே இதை அளந்து காட்டினவ: ஆசிரியர்மார் அநேகமா ஒரு செக்கன் அளவிலதான் பொறுக்கினம், அதை மூண்டு செக்கனுக்கு மேல கூட்டினால் பதில் நீளுது. தமிழில யோசிச்சு ஆங்கிலத்துக்கு மாத்திற ஆளுக்கு மூண்டு செக்கனும் காணாது.

ஒலியன் எழுதியது:

கரும்பலகை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். படிக்கிறவர்களின் கொப்பியைப் பாருங்கள். ஒவ்வொரு பிரிவிலும் ஐந்து பேரிடம் ஒரு சனிக்கிழமைக்குக் கொப்பியைக் கேட்டு வாங்கி, மேசையில் விரித்து வைத்து, ஆறு பேரும் ஒரு மணித்தியாலம் வாசியுங்கள். திருத்த வேண்டாம். ஆங்கிலச் சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

முதுகில் கொழுவுகிற பைக்கு "பாக்" என்று எழுதியிருப்பார்கள். அடுத்த பக்கத்தில் முதுகுக்கும் "பாக்". பொதி கட்டுவதற்கும் "பாக்". ஆங்கிலத்தில் மூன்று சொல், தமிழ் எழுத்தில் ஒன்று. "வெஸ்ட்" என்றால் மேற்கா, உள்ளே போடுகிற பெனியனா? எழுத்தைப் பார்த்தால் தெரியாது, அவர் வாயைக் கேட்டாலும் தெரியாது. குடிக்கிற கோப்பியும் எழுதுகிற கொப்பியும் ஆங்கிலத்தில் வேறு வேறு மெய்யொலி கொண்ட சொற்கள். நம்மிடம் வரும்போது இரண்டுக்கும் "ப்ப" ஆகிவிட்டது. எனவே லண்டனில் கோப்பிக் கடையில் நின்று கேட்கிற பிள்ளை "கொப்பி" என்றே கேட்கும்.

பல ரீச்சர்மார் "தமிழில் எழுதாதேங்கோ" என்று தடுத்துவிடுகிறார்கள். அது வேலை செய்யாது. வளர்ந்தவர் வீட்டில் தனியே இருந்து வாசிக்க ஏதோ ஒரு கைப்பிடி வேண்டும். தடுத்தால் ஒளித்து எழுதுவார், பிழை உங்கள் கண்ணில் படாது. பதிலாக மூன்று குறி கொடுங்கள். தொண்டையில் கை வைத்தால் அதிர்வு தெரிகிற ஒலி என்றால் எழுத்துக்கு அடியில் கோடு. மேற்பல் கீழுதட்டில் தொட்டுக் காற்று உரசுகிற ஒலி என்றால் "ப"வைச் சுற்றி வட்டம். உதட்டைக் குவிக்கிற ஒலி என்றால் முன்னால் ஒரு சின்ன "உ": மேற்கு "உவெஸ்ட்", பெனியன் "வெஸ்ட்". நமது "வ" இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, அதனால்தான் இரண்டு பக்கமும் பிழைக்கிறது.

பைக்கும் முதுகுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கடைசி எழுத்தில் தேடிக் களைக்காதீர்கள். ஆங்கிலத்தில் அதிர்வுள்ள மெய்க்கு முன்னால் உயிர் நீளும், அதிராத மெய்க்கு முன்னால் குறுகும். குறில் நெடில் தமிழருக்குப் பிறப்போடு வந்தது. பைக்கு இழுக்கச் சொல்லுங்கள், முதுகுக்குச் சுருக்கச் சொல்லுங்கள், ஐந்து நிமிடத்தில் வித்தியாசம் கேட்கத் தொடங்கும். சொல்லின் தொடக்கத்தில் "ப" வந்தால் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை உதட்டுக்கு முன்னால் பிடிக்கச் சொல்லுங்கள். பொதி கட்டுகிற "பாக்" சொல்லும்போது காகிதம் துள்ள வேண்டும், முதுகுக்குத் துள்ளக் கூடாது. நமது "ப"வில் அந்தக் காற்று இல்லை. அதனால்தான் ஆங்கிலக் காதுக்கு நாம் பொதி என்று சொன்னது முதுகாகக் கேட்கிறது.

இதை ரீச்சர்மார் முதலில் தங்களுக்குள் செய்து பார்க்க வேண்டும். ஒருவர் பத்துச் சொல் சொல்ல மற்றவர்கள் கண்ணை மூடி, பை என்று கேட்டால் இடக்கை, முதுகு என்று கேட்டால் வலக்கை தூக்குங்கள். ஆறு பேரில் யாருக்காவது தடுமாறும். அது வெட்கப்படுகிற விசயம் இல்லை, அந்த ஒலியை எப்படிப் படிப்பிப்பது என்று அவருக்குத்தான் கெதியாக விளங்கும்.

கோண்டாவில்வாசி எழுதியது:

மிச்சம் பெரிய நன்றி ரெண்டு பேருக்கும். கொப்பி பாக்கிறது எங்களுக்கு யோசினையிலயே வரேல்லை. இன்னும் ரெண்டு கேள்வி. இளம் ரீச்சர்மார் ரெண்டு பேர் ஆங்கிலம் படிப்பிக்கிறதுக்கான சான்றிதழ் எடுக்க, செல்ற்றா (CELTA) செய்யவோ, ரி.கே.ரி. (TKT) செய்யவோ எண்டு கேக்கினம். மற்றது, ஆறு பேரில ஒருவர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், 66 வயசு. அவரின்ர வகுப்பில போய் இருந்து அம்புக்குறி போட ஒருத்தருக்கும் மனம் வராது.

சான்றிதழ்க்கணக்கு எழுதியது:

முதல் கேள்விக்கு. ரெண்டும் கேம்பிரிட்ஜின்ர, ஆனால் ரெண்டும் ஒண்டில்லை. ரி.கே.ரி. ஒரு சோதினை. ஒரு பகுதிக்கு 80 கேள்வி, 80 நிமிசம், விடையைத் தெரிவு செய்ய வேண்டியதுதான். சித்தி, சித்தியில்லை எண்டு இல்லை, 1இல இருந்து 4 வரைக்கும் தரம். பகுதி பகுதியா எடுக்கலாம். இதால துறைச்சொல்லுகள் பிடிபடும், பாடத்திட்டம் வாசிக்க விளங்கும். ஆனால் ஒருத்தரும் உங்கட வகுப்பைப் பாக்கமாட்டினம்.

செல்ற்றா வளர்ந்தோருக்குப் படிப்பிக்கிறதுக்கெண்டே தொடங்கின பயிற்சி. குறைஞ்சது 120 மணித்தியாலம், அதில 6 மணித்தியாலம் உண்மையான வளர்ந்த மாணவருக்குப் படிப்பிக்கிறதைப் பயிற்றுநர் இருந்து பாத்து மதிப்பிடுவார். ரெண்டு வேற வேற மட்டத்தில படிப்பிக்க வேணும். அனுபவம் உள்ளவையின்ர வகுப்பை 6 மணித்தியாலம் பாக்க வேணும். 750இல இருந்து 1000 சொல்லு வரைக்கும் நாலு ஒப்படை. முழுநேரமெண்டால் நாலு ஐஞ்சு கிழமை, அந்த நேரம் வேற வேலை பாக்கவே ஏலாது. பகுதிநேரமும் இணையவழியும் இருக்கு.

கவனிக்க வேண்டியது: இணையத்தில 120 மணித்தியாலச் சான்றிதழ் எண்டு மலிவா விக்கினம். செல்ற்றாவின்ர 120ஐப் பாத்துத்தான் அந்த எண்ணைப் போடுறது. வாங்க முதல் ஒரு கேள்வி கேளுங்கோ: உண்மையான மாணவரோட நான் படிப்பிக்கிறதை ஆர், எத்தினை மணித்தியாலம் பாப்பினம்? பதில் இல்லையெண்டால் அது வாசிப்புப் பாடநெறி, அவ்வளவுதான். காசு கட்டி ஏமாறுகிற பிள்ளையளை நினைக்க உண்மையிலேயே நெஞ்சு வலிக்குது.

உங்கட ரெண்டு பேரும் ஆறு மாதம் இந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தில இருந்துபோட்டு செல்ற்றாவுக்குப் போகட்டும். தன்ர குரலைப் பதிவில கேட்டு எழுதிப் பழகின ஆளுக்கு, முதல் நாள் பயிற்றுநர் "நீர் கூடக் கதைக்கிறீர்" எண்டு சொல்லேக்க கண் கலங்காது. உள்ளூரில பட்டம், டிப்ளோமா எண்ட வழிக்குத் திறந்த பல்கலைக்கழகத்தின்ர யாழ்ப்பாண நிலையத்தில நேர போய் விசாரியுங்கோ.

லண்டன் போற பிள்ளையளுக்குப் படிப்பிக்கிற ரீச்சர் கட்டாயம் அறிய வேண்டியது ஒண்டு: துணைவர் விசாவுக்கு எடுக்கிற ஐ.ஈ.எல்.ரி.எஸ். லைஃப் ஸ்கில்ஸ் ஏ1 (ஆரம்ப மட்டம்) சோதினையில எழுத்து இல்லை, வாசிப்பு இல்லை. ரெண்டு பரீட்சார்த்தியள் ஒண்டா இருந்து 16இல இருந்து 18 நிமிசம் கதைக்கிறதும் கேக்கிறதும்தான். அந்தப் பிரிவில இலக்கணப் பயிற்சிப் புத்தகம் நிரப்புறது வீண் வேலை. அறிமுகமில்லாத ஆளோட சோடி சேர்ந்து கேள்வி கேக்கப் பழக்குங்கோ.

கரும்பலகை எழுதியது:

ரெண்டாவது கேள்வி. மூத்தவரின்ர வகுப்பில இளையவர் போய் முதல் இருக்கக் கூடாது. மூத்தவரை முதல் பார்வையாளரா அனுப்புங்கோ. கையில தாளைக் குடுத்து, "சேர், பின்வரிசை கதைக்குதோ எண்டு எனக்கு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ" எண்டு இளையவரே கேட்கவேணும். கேள்வி பாக்கப்படுகிற ஆளின்ரதா இருக்கவேணும், இதுதான் முக்கியம். ரெண்டு மாதம் அப்பிடி அம்புக்குறி போட்டவர், தன்ர வகுப்புக்கும் ஒரு தாள் வேணுமெண்டு தானே கேட்பார். கேக்காட்டி விடுங்கோ, வகுப்பு ஒலிப்பதிவைத் தானே வீட்டில கேக்கட்டும்.

ரெண்டு மணித்தியாலத்தைப் பிரிக்கிறதெண்டால், முதல் கால் மணித்தியாலம் போன மாதம் மாத்திப் பாக்கிறன் எண்டு சொன்னதை ஆளாளுக்கு ஒரு வசனத்தில. பிறகு 50 நிமிசம் தாள், பதிவு, கொப்பி, இதில ஏதும் ஒண்டு. தேத்தண்ணி. அடுத்த 30 நிமிசம் ரீச்சர்மாரின்ர சொந்த ஆங்கிலத்துக்கு: ஒரே விசயத்தை முதல் ஆளுக்கு 4 நிமிசம், அடுத்த ஆளுக்கு 3, மூண்டாவதாளுக்கு 2 நிமிசத்தில சொல்லுறது. ஆறு பேர் எண்டால் மூண்டு சோடி, சரியாப் பொருந்தும். இதைத் தாங்கள் செய்து பாத்தால்தான் வகுப்பில செய்விக்கத் துணிவு வரும். மிச்ச நேரம் ஒவ்வொருத்தரும் வாற மாதம் மாத்தப்போற ஒரேயொரு காரியத்தைக் கொப்பியில எழுதிறது. ரெண்டு எழுதினால் ரெண்டும் நடக்காது.

நல்லூர்க் கோயில் திருவிழாக் கொடி ஏறினால் 25 நாளும் பின்னேர வகுப்பில ஆள் குறையும், அந்த மாதம் வகுப்புப் பாக்கிறதை வைக்காதேங்கோ. அரைவாசிப் பெட்டி வெறுமையா இருக்கிற வரைபடத்தில ஒண்டும் தெரியாது. கொப்பி பாக்கிற கூட்டத்தை அந்த மாதத்துக்குப் போடுங்கோ.