மதிய வெயிலில் பலூன் வெடிக்காமல் இருக்க வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு தருமபுரியில் அக்கா மகளுக்குப் பிறந்தநாள். மொட்டை மாடியில் தகர ஷெட்டுக்கு அடியில் பலூன் வளைவு கட்டுகிறோம். விடியற்காலை ஊதிக் கட்டினால், மதியம் தகரம் காய்ந்ததும் படபடவென்று வெடித்துவிடுமோ என்று கவலை. 20 டிகிரியில் அடைத்த காற்று 40 டிகிரியில் சுமார் 7 சதவீதம் விரியும். கேட்கக் கொஞ்சம்தான், ஆனால் உள்ளே இருப்பது தெரிகிற அளவுக்கு இழுபட்ட ரப்பர் அதைத் தாங்காது. கறுப்பும் கருநீலமும் வெயிலை அதிகம் இழுக்கும் என்பதால் வெள்ளை, இளமஞ்சள் மட்டும் வாங்கினேன்.

கழுத்துப் பகுதி விறைக்கும் முன்பே ஊதுவதை நிறுத்தினால் போதுமா, இன்னும் குறைக்க வேண்டுமா? கைக்குழந்தைகளும் வருவார்கள். வெடித்த துண்டு வாய்க்குள் போனால் தொண்டையை அடைத்துவிடும், அதுதான் பெரிய பயம். கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் மண்டப அலங்காரம் செய்கிற அண்ணன்மார், அக்காமார் யாராவது சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.