முதல் லார்ப்புக்கு மூன்று வாரம்தான்: வாள் பிசுபிசுக்கிறது, அங்கி வேகவைக்கிறது

உளுந்துவடை_வீரன்

வணக்கம். அடுத்த மாதம் சிங்கப்பூரில் பாசிர் ரிஸ் பக்கம் ஒரு வாடகை விடுதியில் நடக்கும் லார்ப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். வேடம் போட்டு, நுரை வாள் பிடித்து, ஒரு நாள் முழுவதும் வேறொரு மனிதனாக வாழும் கற்பனை விளையாட்டு. நாற்பது பேர் வருகிறார்கள். எனக்கு இது முதல் முறை.

வெளிநாட்டிலிருந்து லேடெக்ஸ் வாள் ஒன்று தருவித்தேன், 9% ஜிஎஸ்டியும் சேர்த்து அழுதேன். பிளாஸ்டிக் பையில் சுற்றி அலமாரிக்குள் முனை கீழே இருக்கும்படி நிறுத்தி வைத்தேன். இரண்டு மாதத்தில் அது வளைந்து, பசை பூசியதுபோல் கையில் ஒட்டுகிறது. என் அம்மா நல்லெண்ணத்தில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார். இப்போது இன்னும் மோசம்.

கறுப்பு வெல்வெட் அங்கியும் செயற்கைத் தோல் கவசமும் அணிந்து ஞாயிறு மதியம் எங்கள் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றி நடந்து பார்த்தேன். இருபதாவது நிமிடம் தலை சுற்றியது. கீழ்த்தளத்தில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த தாத்தாக்கள்தான் உட்காரவைத்தார்கள்.

இன்னொன்று. ஐந்து வருடம் சிலம்பம் கற்றவன் நான். பயிற்சியில் நண்பனின் தோளில் நுரை வாளால் ஓர் அடி கொடுத்தேன், தடித்துவிட்டது. "நீ வராதே" என்கிறான். என் பாத்திரத்துக்கு ஆறு பக்க வரலாறும் எழுதியிருக்கிறேன், சபிக்கப்பட்ட இளவரசன், யாரையும் நம்பாதவன். அதை எப்படிப் பேசிக் காட்டுவது? அங்கே எல்லாரும் ஆங்கிலத்தில் பேசுவார்கள், நான் தமிழில் யோசிப்பவன்.

பாசி_மணி

முதலில் எண்ணெய். லேடெக்ஸ் ரப்பர் மரத்துப் பால்தான், எண்ணெய் பட்டால் அது இளகிச் சிதையும். தேங்காய் எண்ணெயானாலும் சரி, துருப்பிடித்த பூட்டுக்கு அடிக்கும் எண்ணெயானாலும் சரி. அம்மாவிடம் கோபப்படாதீர்கள், மரக்கட்டைக்கும் தலைமுடிக்கும் அவர் செய்தது சரியான வைத்தியம்.

வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டு மென்மையான துணியால் துடையுங்கள். நிழலில், மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் லேடெக்ஸ் வெடிக்கத் தொடங்கும். உலர்ந்தபின் லேசாக முகப்பவுடர் தூவினால் ஒட்டுவது அப்போதைக்கு நிற்கும். பிறகு சுத்தமான சிலிகான் தெளிப்பான், வேறு எண்ணெய் கலக்காதது. இனிமேல் பிளாஸ்டிக் பை வேண்டாம், நம் ஊர் ஈரப்பதத்தில் பைக்குள் வியர்த்துப்போகும். கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவில் இருக்கும் குறுக்குக் காப்பில் மாட்டித் தொங்கவிடுங்கள்.

இனி முக்கியமான சோதனை. முனையை இரு விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே கண்ணாடியிழைத் தண்டு இருக்கும். அந்தத் தண்டின் தலை விரலுக்குத் தட்டுப்பட்டால் அந்த வாள் செத்துவிட்டது, அதைக் கொண்டு போகாதீர்கள். ஆட்டத்துக்கு முன் ஆயுதங்களைச் சோதிப்பவர்கள் முதலில் பார்ப்பதும் அதைத்தான். முனையை ஊன்றி நிறுத்தியதால் எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

உளுந்துவடை_வீரன்

அழுத்திப் பார்த்தேன். தட்டுப்படுகிறது. துக்கம் அனுசரிக்கிறேன்.

பாசி_மணி

ஆழ்ந்த இரங்கல். இரும்புக்கடைக்குப் போய், குளிர்சாதனக் குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நுரை உறையும், அதற்குள் இறுக்கமாக நுழையும் பிளாஸ்டிக் குழாயும் வாங்குங்கள். குழாயின் இரு முனையையும் மூடியிட்டு அடையுங்கள், முனைக்கு அப்பால் நான்கு விரற்கடை மெத்தென்ற பஞ்சு நுரை வையுங்கள், மேலே துணி ஒட்டுநாடா. அழகாக இருக்காது. ஆனால் முதல் முறை போகிறவருக்கு அதுவே உத்தமம். ஏற்பாட்டாளர்களிடம் இரவல் வாள் இருக்கிறதா என்றும் கேளுங்கள், பெரும்பாலும் இருக்கும். நான் முதல் இரண்டு ஆட்டமும் இரவலிலேயே ஆடினேன்.

மூன்றாம்_மாடி_தையல்

வெல்வெட்டா? தம்பி, நாம் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரை டிகிரிகூட இல்லாத தூரத்தில். ஐரோப்பியக் காட்டுக்கு ஏற்ற உடையை இங்கே அப்படியே போட்டால் உடல் தாங்காது.

தேக்கா நிலையத்தின் மேல்மாடித் துணிக்கடைகளிலோ அரபு ஸ்திரீட்டிலோ மெல்லிய பருத்தி வாங்குங்கள். வீட்டில் பழைய எட்டு முழ வேட்டி இருந்தால் இன்னும் நல்லது. பஞ்சகச்சமாகக் கட்டினால் ஓடலாம், குனியலாம், விழலாம். மேலே கையில்லாத நீளச் சட்டை, இடுப்பில் அகலமான துணிக்கச்சை, தோளில் ஒரு துண்டு. அந்தத் துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளலாம், எந்த இளவரசனுடைய அங்கியும் அதற்கு ஈடாகாது. காலில் மட்டும் வேடம் வேண்டாம். நன்கு பழகிய காலணியை அணிந்து, அதன்மேல் பழுப்புத் துணியைச் சுற்றிக் கட்டுங்கள்.

வேட்டி கட்டிவிட்டால் இளவரசனும் மாறியாக வேண்டும். ஐந்நூற்றுவர் என்ற தென்னிந்திய வணிகக் குழு கடல் கடந்து போனது. சுமத்ராவின் பாரூஸ் அருகே 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்றில் அவர்கள் பெயர் இருக்கிறது. அந்தக் குழுவில் ஒரு வணிகனாகப் போங்கள். தமிழில் யோசிப்பதும் அப்போது குறையாக இருக்காது. கோபம் வந்தால் தமிழில் திட்டலாம், விலை பேசும்போது தமிழில் முணுமுணுக்கலாம், மற்றவர்களுக்கு அது தூரதேசத்து மொழி. ஒரே நிபந்தனை, முக்கியமான செய்தியைத் தமிழில் மட்டும் சொல்லி அடுத்தவரைத் தவிக்கவிடாதீர்கள்.

கம்பு_வாத்தியார்

தம்பியின் நண்பர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஒன்றும் தெரியாதவரைவிடச் சிலம்பம் தெரிந்தவர் அங்கே ஆபத்தானவர். நமக்குக் கம்பின் நுனியில் வேகம் ஏற்றக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அங்கே வேகம் வேண்டியதில்லை, தொட்டால் போதும். அடி உடலைச் சேரும்போது மணிக்கட்டு ஏற்கெனவே நின்றிருக்க வேண்டும்.

துணி உலர்த்தும் மூங்கில் கழியில் ஒரு செய்தித்தாளைத் தொங்கவிடுங்கள். முழு வீச்சில் தொடங்கி, தாள் கிழியாமல், 'டப்' என்ற மெல்லிய ஒலி மட்டும் எழும்படி தொடுங்கள். தினமும் நூறு முறை. என் மாணவர் ஒருவருக்கு இது பிடிபடப் பத்து நாள் ஆனது, அவர் மாநிலப் போட்டிக்கெல்லாம் போனவர்.

தலை, தொண்டை, கவட்டை ஆகியவற்றில் அடிக்கவே கூடாது. தண்டுள்ள வாளால் குத்தக் கூடாது. ஒரே இடத்தில் படபடவென்று தட்டுவதை ஓர் அடியாகத்தான் எண்ணுவார்கள், ஆகவே நம் சுழற்சி அடிகளால் பயன் இல்லை. யாராவது "ஹோல்ட்" என்று கத்தினால் நின்ற இடத்தில் நில்லுங்கள், யாருக்கோ கண்ணாடி விழுந்திருக்கலாம், கால் பிசகியிருக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு விதி: பட்ட அடியை எண்ணுவது அடித்தவர் அல்ல, பட்டவர். நடுவர் பார்க்கமாட்டார். சந்தேகமாக இருந்தால் பட்டதாகவே வைத்துக்கொண்டு விழுந்துவிடுங்கள்.

பழைய_சார்ஜன்ட்

தேசிய சேவையில், அந்தக் கட்டாய ராணுவப் பணியில், கற்றதை மறந்துவிட்டீர்களா? முதல் நாள் இரவு தூங்குங்கள். தாகம் எடுக்கும் முன் குடியுங்கள், வெறும் தண்ணீர் மட்டுமல்ல, உப்பும் சேர வேண்டும். வெப்ப அழுத்த அளவைத் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஈஎன்வி செயலியில் பாருங்கள். வெயில், ஈரப்பதம், காற்று எல்லாம் சேர்ந்த கணக்கு அது. 31க்குக் கீழே என்றால் குறைவு, 33ஐத் தொட்டால் உயர்வு. 33 என்று காட்டினால் கவசத்தைக் கழற்றுங்கள். தலை சுற்றினால் வீரம் காட்டாமல் சொல்லுங்கள். இடி கேட்டால் கூரைக்குள் போங்கள், மரத்தடிக்கு அல்ல.

வாளை எம்ஆர்டி ரயிலில் உறையில்லாமல் கொண்டு போகாதீர்கள். பொதுவிடத்தில் ஆயுதம் ஏந்துவது இங்கே குற்றம். நுரை என்று உங்களுக்குத் தெரியும், பத்து மீட்டர் தள்ளி நிற்பவருக்குத் தெரியாது. நீளமான பையில் வைத்து மூடுங்கள். நிஜக் கத்தி, துப்பாக்கி போன்ற பொம்மை, இரண்டும் வேண்டவே வேண்டாம்.

மூன்றாம்_மாடி_தையல்

அந்த ஆறு பக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. கடுமையாகச் சொல்கிறேன், மன்னியுங்கள்: அதை ஒருவரும் படிக்கப்போவதில்லை. யாரையும் நம்பாதவன் என்று எழுதிக்கொண்டு போனால் நாள் முழுவதும் ஓரமாக நிற்பீர்கள். நான் நின்றிருக்கிறேன். மௌனப் பெண்துறவி வேடம், ஏழு மணி நேரம், பேசியது நான்கு வாக்கியம்.

மற்றவர்கள் பிடித்து இழுக்க ஒரு கயிறு கொடுங்கள். சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் எழுத்துப் பொறித்த பெரிய பாறை ஒன்று இருந்தது, 1843இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். எஞ்சிய ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது, இன்றுவரை யாரும் அதைப் படித்ததில்லை. உங்கள் வணிகன் அப்படி ஒரு கல்லைத் தன்னால் படிக்க முடியும் என்று பொய் சொல்லித் திரிபவனாக இருக்கட்டும். அந்தப் பொய்யை நம்புகிறவர் வருவார், சோதிக்கிறவர் வருவார், காசு கொடுப்பவரும் வருவார். நீங்கள் யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை.

உளுந்துவடை_வீரன் (நான்கு வாரம் கழித்து)

போய்வந்தேன். குழாய் வாள் சோதனையில் தேறியது, சோதித்தவர் சிரித்தார். காலை பத்தே முக்காலுக்குக் காட்டுக்கொள்ளையர் ஒருவர் என் முதுகில் தட்டினாரா இல்லையா என்று சந்தேகம் வந்தது. வாத்தியார் சொன்னபடி விழுந்துவிட்டேன். உண்மையில் அது மரக்கிளையாம். அவரே வந்து என்னை எழுப்பி, கல்லைப் படிக்க ஆள் வேண்டும் என்று சிறைபிடித்துக்கொண்டு போனார்.

இரண்டு மணிக்கு இடி. எல்லாரும் விடுதிக்குள் ஓடினோம். சண்டை நின்றது, மீதி மூன்று மணி நேரமும் பேரம்தான். கல்லில் எழுதியிருப்பது என்ன என்று மூன்று கூட்டத்தாருக்கு மூன்று விதமாகப் படித்துக் காட்டினேன். நான்கு மணிக்கு மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். அப்போது என் வாயிலிருந்து வந்தது முழுக்கத் தமிழ்.

என் நண்பனும் வந்திருந்தான், இந்த முறை தோள் தடிக்கவில்லை. வெல்வெட் அங்கி புதிதாகவே இருக்கிறது. ஜூரோங் வெஸ்ட் வந்து எடுத்துக்கொள்ள யாராவது உண்டா? குளிரூட்டிய அறையில் மட்டும் அணியவும்.

பாசி_மணி

செத்த வாளை என்ன செய்தீர்கள்?

உளுந்துவடை_வீரன்

அம்மா ஒட்டடை அடிக்கிறார். பிசுபிசுப்பு அதற்கு நல்லதாம்.