அரைத்தவணை விடுமுறையில் பிள்ளைகளை எந்த அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லலாம்?

ஹரோ வாசகி:
அனைவருக்கும் வணக்கம். ஒக்டோபர் இறுதியில் வரும் ஒரு வார விடுமுறையில், ஒன்பது வயது மகனையும் ஐந்து வயது மகளையும் லண்டன் அருங்காட்சியகங்களுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மாவும் எங்களுடன் வருவார்; அவரால் நீண்ட நேரம் நடக்க முடியாது. மகனுக்கு விஞ்ஞானத்தில் ஆர்வம் உண்டு. மகளோ எதையும் தொட்டுப் பார்க்காமல் இருக்க மாட்டாள். கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே நடந்துவிட்டுத் திரும்புவதாக இல்லாமல், மூவருக்கும் பயனுள்ளதாக அமையும் இடங்களைக் கூறினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஈஸ்ட்ஹாம் தந்தை:
வணக்கம் சகோதரி. தென் கென்சிங்டனில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் அறிவியல் அருங்காட்சியகமும் அருகருகே இருப்பதால், இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று பலரும் எண்ணுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்; மதியத்துக்குப் பிறகு பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள், அம்மாவுக்கும் கால் வலிக்கும். இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பெரிய மண்டபத்தில், 1891இல் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்ட் கரையில் ஒதுங்கிய நீலத்திமிங்கிலத்தின் எலும்புக்கூடு, வாயைத் திறந்தபடி கீழ்நோக்கிப் பாய்வதைப் போலத் தொங்கவிடப்பட்டுள்ளது. அதன் நீளம் 25.2 மீற்றர். அதன் கீழே பிள்ளைகளைச் சற்று நேரம் நிற்கவிட்டு, எலும்புகளைப் பார்த்து அவர்களாகவே கேள்வி கேட்கும்வரை காத்திருங்கள். எரிமலை, நிலநடுக்கப் பகுதியில், 1995இல் ஜப்பானின் கோபே நகரம் அதிர்ந்தபோது ஒரு கடைக்குள் இருந்தவர்கள் உணர்ந்ததை நாமும் உணரும்படி, தரையே குலுங்கும் சிறு அறை ஒன்று உண்டு. உங்கள் மகன் அங்கிருந்து எளிதில் வெளியே வரமாட்டார். அனுமதி இலவசம் என்றாலும், விடுமுறை வாரத்தில் வரிசை வீதிவரை நீளக்கூடும் என்பதால் இணையத்தில் முன்கூட்டியே நேரத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

லூசியம் ஆசிரியை:
மேலே சகோதரர் கூறியது முற்றிலும் சரி. ஆயினும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு நான் முதலில் பரிந்துரைப்பது பெத்னல் கிறீனில் உள்ள யங் வி அண்ட் ஏ அருங்காட்சியகத்தையே. முன்னர் குழந்தைப்பருவ அருங்காட்சியகமாக இருந்த அந்த இடம், பிள்ளைகளுக்காகவே புதுப்பிக்கப்பட்டு 2023இல் மீண்டும் திறக்கப்பட்டது. விளையாட்டு, கற்பனை, வடிவமைப்பு என்று மூன்று பகுதிகள் உள்ளன. கட்டவும் தொடவும் அடுக்கவும் அனுமதி இருப்பதால், ‘தொடாதே’ என்று நாம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. ரயில் நிலையத்துக்கு மிக அருகில் இருப்பது உங்கள் அம்மாவுக்கும் வசதி. அறிவியல் அருங்காட்சியகத்தின் வொண்டர்லாப் பகுதிக்குக் கட்டணம் உண்டு. வெவ்வேறு வகை மேற்பரப்புகளில் சறுக்கி உராய்வின் வேறுபாட்டை உடம்பாலேயே உணரும் சறுக்குமரங்கள் அங்கே இருப்பதால், ஒன்பது வயது மகனுக்கு அந்தச் செலவு தகும் என்பது என் கருத்து.

டூட்டிங் வாசகர்:
பிள்ளைகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அம்மாவை மனத்தில் வைத்து ஒன்று சொல்கிறேன். பிரித்தானிய அருங்காட்சியகத்தின் 33ஆம் கூடத்தில், தமிழ்நாட்டிலிருந்து வந்த, ஏறத்தாழ கி.பி. 1100ஐச் சேர்ந்த சோழர்கால நடராசர் வெண்கலச் சிலை இருக்கிறது. வேறு எதையும் பார்க்காமல் நேரே அங்கே செல்லுங்கள். உடுக்கை எந்தக் கையில், தீ எந்தக் கையில், காலடியில் கிடக்கும் முயலகன் யார் என்று அம்மா பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். அறிவிப்புப் பலகையைவிட அம்மம்மா சொல்லும் கதையே அவர்களுக்குப் பிடிக்கும். பிறகு ஒரு தாளும் பென்சிலும் கொடுத்தால், மகள் அந்தத் தீவட்டத்தை வரையத் தொடங்கிவிடுவாள். பயணச் செலவைப் பற்றியும் கவலை வேண்டாம்: பெரியவர் ஒருவருடன் செல்லும் பதினொரு வயதுக்கு உட்பட்ட நான்கு பிள்ளைகள்வரை சுரங்க ரயிலில் கட்டணமின்றிப் பயணிக்கலாம்.

ஹரோ வாசகி:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. செவ்வாய்க்கிழமை பெத்னல் கிறீனுக்கும், வியாழக்கிழமை நடராசரைப் பார்க்கவும் செல்லத் தீர்மானித்துள்ளோம். திமிங்கிலத்தைப் பார்க்க வேண்டும் என்று மகன் பிடிவாதமாக இருப்பதால், சனிக்கிழமை காலைக்கு இப்போதே பதிவு செய்கிறேன்.