கதையில் வந்த ஒரு வரி உங்களை விட்டுப் போகாமல் இருக்கிறதா? (மாமாவுக்கு ஒரு பதில் வேண்டும்)

கோத்தகிரிப் பேரன்:
வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நடந்த ஒரு பேச்சு இன்னும் மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது. தாத்தா ரிட்டையர்மெண்ட் பணத்தில் வாங்கிய முக்கால் ஏக்கர் தேயிலை எங்களுக்கு உண்டு. பச்சை இலைக்கு விலை இறங்கிய கடுப்பில் மாமா உட்கார்ந்திருந்தார், வெளியே மழை, நான் திண்ணையில் ஒரு கதைப் புத்தகத்தோடு இருந்தேன். என் கையிலிருந்த புத்தகத்தைக் காட்டி, "இதைப் பறிச்சு ஃபாக்டரியில போட்டா கிலோவுக்கு என்னடா தருவான்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் பதில் வரவில்லை.

எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். எங்கள் அப்பாயி இலங்கையில் ஒரு மலைத்தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு நாடுகளும் போட்ட 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் கேம்ப் வழியாக வந்து, தாயகம் திரும்பியவர்களுக்கென்று அரசு 1968-ல் ஆரம்பித்த தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அந்தக் கரையில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். காலேஜில் படிக்கும்போது புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' கையில் கிடைத்தது. மருதி என்கிற பெண் ஊரை விட்டு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சீரழிகிற கதை. படித்து முடித்துவிட்டு அப்பாயியிடம் போய், இப்படியெல்லாம் நடந்ததா என்று கேட்டேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அதையெல்லாமா எழுதி வெச்சிருக்காங்க?" மறுநாள் அவராகவே வந்து, வாசித்துக் காட்டு என்றார். எழுதப் படிக்கத் தெரியாதவர். பாதியில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனார். அடுப்பில் ஒன்றும் இல்லை.

இதை மாமாவிடம் எப்படிச் சொல்வது? உங்களுக்கு அப்படி நின்றுபோன வரி எது? நீளமாக எழுதினாலும் பரவாயில்லை.

குன்னூர் பாசஞ்சர்:
தம்பி, அந்தத் தலைப்பே புதுமைப்பித்தனுடையது இல்லை, பாரதியிடமிருந்து வந்தது. ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் மாட்டிக்கொண்ட பெண்களைப் பற்றிய பாட்டில் "துன்பக் கேணியிலே எங்கள் பெண்கள் அழுதசொல் மீட்டும் உரையாயோ" என்று காற்றிடம் கேட்பார். அவர் ஃபிஜிக்குப் போனவர் இல்லை. போகாதவர் காற்றைக் கேட்கிறார், அதுதான் எனக்குப் பிடித்த இடம்.

அதற்கு முன்னால் "விம்மி விம்மி விம்மி விம்மி" என்று நாலு தடவை வரும். எட்டாம் வகுப்பில் ஒப்பிக்கும்போது நான் ரெண்டோடு நிறுத்திவிட்டேன். தமிழ் ஐயா, "நாலுடா, அழுகையில கணக்கைக் குறைக்காதே" என்றார். அன்றைக்குச் சிரித்தோம். அம்மா இறந்த வருஷம்தான் அந்த நாலு எதற்கு என்று புரிந்தது.

உங்கள் அப்பாயிக்கு இந்தப் பாட்டு தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்: "கூனி அடிச்ச மலை, கோப்பிக் கன்னு போட்ட மலை, அண்ணனைத் தோத்த மலை, அந்தா தெரியுது பார்". இலங்கை மலையகத்துத் தோட்டப் பாட்டு. 'கோப்பி' என்றால் காப்பி, 'தோத்த' என்றால் தொலைத்த. செத்துப்போனான் என்று சொல்லவில்லை பாருங்கள், மலையைக் கையால் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறது.

லைன் வீடு 14:
கூடலூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் வளர்ந்தவள் நான். இப்போது திருப்பூரில் இருக்கிறேன். எங்கள் லைனில், அதாவது தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில், இருந்தவர்களில் பாதிக்கு மேல் திருப்பூர், கோயம்புத்தூர் என்று இறங்கிவிட்டோம். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாவுக்குப் போனபோது எங்கள் பழைய வீட்டைப் பார்த்தேன். தகரம் போய்விட்டது, வாசலில் நாங்கள் கோலம் போட்ட கல் மட்டும் அப்படியே கிடந்தது, அதன் மேல் ஒரு அணில் உட்கார்ந்து எதையோ கொறித்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, ஒரு வரிதான் வந்தது, அதுவும் காலேஜில் ரெண்டு மார்க்குக்குப் படித்த வரி: "மக்கள் போகிய அணிலாடு முன்றில்". குறுந்தொகை 41.

அவர் கூட இருந்தால் திருவிழா நடக்கிற ஊர் மாதிரி மகிழ்ந்திருப்பேன், அவர் போன அன்றைக்கு, ஆளெல்லாம் போய்விட்ட சின்ன ஊரில் அணில் விளையாடுகிற முற்றத்தையுடைய வெறும் வீடு போல ஆகிவிடுகிறேன் என்று தோழியிடம் சொல்கிறாள். வீடு இடிந்தது என்று ஒரு சொல் கிடையாது. மனுஷர் நடமாட்டம் இருந்தால் அணில் அவ்வளவு தைரியமாக முற்றத்தில் ஆடாது, அவ்வளவுதான் தகவல். பாடியவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. அந்தச் சொல்லையே எடுத்து அணிலாடு முன்றிலார் என்று வைத்துவிட்டார்கள். ஆணா பெண்ணா என்பதும் தெரியாது.

விசைத்தறி வாசகன்:
நல்லா இருக்கு அக்கா. ஆனால் கேள்வி கதையைப் பற்றி. சங்கப் பாட்டு கதையா?

லைன் வீடு 14:
பேசுகிறவள் ஒரு தலைவி, கேட்கிறவள் தோழி, ரெண்டு பேருக்கும் பெயர் கிடையாது, ரெண்டு பேரும் கற்பனை. எழுதியவர் தன் சொந்தக் கதையைச் சொல்லவில்லை, இன்னொருத்தி வாயில் வைத்துச் சொல்கிறார். எனக்கு அது கதைதான். சரி, உங்களுக்கு ஆகாது என்றால் விட்டுவிடுங்கள், அணில் கோபித்துக்கொள்ளாது.

ஊட்டிக் குளிர்:
எல்லோரும் உருகிவிட்டீர்கள், நான் கொஞ்சம் குறுக்கே பேசுகிறேன். மாமா கேட்டது சரியான கேள்வி. ஊட்டியில் ஒரு கைவினைக் கடையில் ஆறு வருஷம் கணக்கு எழுதினேன். தோடர் பெண்கள் போடுகிற பூவேலைச் சால்வை எங்களிடம் வரும். வெள்ளைத் துணியில் கறுப்பு, சிவப்பு நூல். கோடு போட்டு வரைந்து வைத்துக்கொள்வது கிடையாது, துணியின் இழையை எண்ணி எண்ணித்தான் ஊசி போகும், பார்த்தால் தறியில் நெய்தது போலவே இருக்கும். 2013-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வருகிறவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? கையில் வாங்கி, "அடடா, என்ன கலை, இதுக்கெல்லாம் விலையே கிடையாது" என்பார்கள். அடுத்த மூச்சில் பாதி விலைக்குக் கேட்பார்கள். விலையே கிடையாது என்கிற பேச்சைக் கேட்டாலே எனக்கு இப்போது பயம்தான்.

ஒரு சால்வை முடிய வாரக்கணக்கில் ஆகும். அந்த வாரங்களில் அந்த வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? கலை மனசுக்கு என்ன செய்கிறது என்று நாம் இங்கே நூறு பதில் போடலாம், கூலி எவ்வளவு என்று மாமா மட்டும்தான் கேட்டிருக்கிறார். அவரைத் திட்டாதீர்கள்.

வரி கேட்டீர்கள் இல்லையா, என்னிடம் புத்தக வரி இல்லை. விலை பேசிக்கொண்டிருந்த ஒருவரிடம் சால்வை கொண்டுவந்த ஒரு பாட்டி சொன்னார்: "நீ எண்ணிப் பாரு." இழையை எண்ணச் சொன்னாரா ரூபாயையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பூம்பாறைப் பூண்டு:
கொடைக்கானல் மேல்மலைக்காரன் நான், பூண்டு போடுகிறவன், பெரிய படிப்பாளி இல்லை. 2018-ல் குறிஞ்சி பூத்தபோது கார் கார் ஆக ஆட்கள் வந்தார்கள். பாதிப் பேர் ஒரு செடியைப் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு "அவ்வளவுதானா?" என்றார்கள். ஒற்றைப் பூ உண்மையிலேயே அவ்வளவுதான். சரிவு முழுக்கப் பூத்துக் கிடப்பதைத் தள்ளி நின்று பார்க்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் படித்த "கருங்கோல் குறிஞ்சிப்பூக் கொண்டு பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே" அப்போதுதான் எனக்குத் திறந்தது. காதலை நிலம், வானம், கடல் என்று அளந்துகொண்டே வந்த பெண் கடைசியில் ஒரு தேனீயிடம் வந்து நிற்கிறாள். அதுவும் தேன் 'எடுக்கும்' இல்லை, 'இழைக்கும்'. தட்டான் நகையை இழைக்கிற மாதிரி. கருங்கோல் என்பது அலங்காரத்துக்குப் போட்ட சொல் என்று நினைத்திருந்தேன், செடியை ஒடித்துப் பார்த்தால் தண்டு கறுப்பாகத்தான் இருக்கிறது. எழுதியவர் மலைக்கு வந்து பார்த்திருக்கிறார், அல்லது பார்த்தவரிடம் ஒழுங்காகக் கேட்டிருக்கிறார். அடுத்தது 2030. அப்போது என் மகளுக்குப் பதினாறு வயது. அவளைக் கூட்டிப்போய் நிறுத்தி இந்தப் பாட்டைச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறேன், அவள் போனைப் பார்க்காமல் இருந்தால்.

குன்னூர் பாசஞ்சர்:
பூண்டுக்காரரே, பெரிய படிப்பாளி இல்லை என்று இன்னொரு முறை சொல்லாதீர்கள்.

அப்புறம் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள், வாட்ஸப்பில் ரோஜாப்பூப் படத்தோடு வருகிற 'எழுத்தாளர் சொன்னது' எதையும் இங்கே கொண்டுவந்து போடாதீர்கள். எந்தக் கதை, யார் பேசுவது என்று தெரிந்தால் மட்டும் போடுங்கள்.

கோத்தகிரிப் பேரன்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி கரண்ட் இல்லை, மாமாவும் நானும் அடுப்படியில் உட்கார்ந்திருந்தோம். அக்கா சொன்ன அணில் பாட்டைச் சொல்லி அர்த்தமும் சொன்னேன். கொஞ்ச நேரம் கையைச் சூடு காட்டிக்கொண்டே இருந்தவர், "நம்ம பழைய லைன்ல அணில் எங்கடா இருக்கு, காட்டுமாடுதான் படுத்திருக்கு" என்றார். அப்புறம் அவராகவே, அந்தக் கடைசி வீட்டில் யார் இருந்தார்கள், அடுத்த வீட்டில் யார் என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பதினோரு வீடு. அப்பாயி உள்ளேயிருந்து ரெண்டு பெயரைத் திருத்தினார்.

பாட்டை எழுதியது யார் என்று மாமா கேட்டார். பெயர் தெரியாது, பாட்டிலிருந்தே பெயர் வைத்துவிட்டார்கள் என்றேன்.

"அப்போ அந்தாளுக்கும் காசு வந்து சேரலையா?"

ஊட்டிக் குளிர் அக்கா, இதை உங்களுக்காகத்தான் எழுதினேன். கோப்பிக் கன்னுப் பாட்டை அப்பாயியிடம் இன்னும் கேட்கவில்லை. நாளைக்கு இலை எடுக்க ஆள் வருகிறார்கள், சாயங்காலம் கேட்டுப் பார்க்கிறேன்.