மறு: பெயர் சொல்லாமல் பயிற்சி முறையை எடுத்தாளுதல் – கலைச்சொல்

அன்புடையீர்,

வலிமைப் பயிற்சியாளர் ஒருவர் வகுத்த முறையை இன்னொருவர் பெயர் சொல்லாமல் தமதுபோல் வழங்குவதைக் குறிக்க, ‘கருத்துத் திருட்டு’, ‘மூலமறைப்பு’ என்னும் இரண்டு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை. நடந்த செயலைச் சொல்வதற்கு முன்பே, செய்தவரின் உள்நோக்கத்தின்மீது அவை தீர்ப்பு எழுதிவிடுகின்றன.

இத்துறையில் பெயர்கள் எப்படித் தொலைகின்றன என்று பாருங்கள். 20 நொடி கடும் உழைப்பும் 10 நொடி ஓய்வுமாக மாறி மாறிச் செய்யும் முறையை ‘தபாத்தா’ என்றே அழைக்கிறோம். 1996-இல் அதன் பயனை ஆய்ந்து வெளியிட்ட குழுவின் தலைவர் இசுமி தபாத்தா. முறையை வகுத்தவரோ ஜப்பானியப் பனித்தளச் சறுக்கோட்ட அணியின் பயிற்சியாளர் கோயிச்சி இரிசாவா. இதைத் தபாத்தாவே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். இங்கே யாரும் எதையும் மறைக்கவில்லை. கைமாறக் கைமாற ஒரு பெயர் உதிர்ந்துபோயிற்று. பயிற்சியாளர் யூரி வெர்கோஷான்ஸ்கிக்கு நேர்ந்தது வேறு. உயரத்திலிருந்து குதித்து, தரையைத் தொட்ட கணமே மீண்டும் எழும்பும் பயிற்சியைச் சோவியத் ஒன்றியத்தில் ‘அதிர்ச்சி முறை’ என அவர் வளர்த்தெடுத்தார். 1975-இல் அமெரிக்கரான பிரெட் வில்ட் இவ்வகைத் தாவல் பயிற்சிகளுக்குப் ‘பிளையோமெட்ரிக்ஸ்’ என்று பெயரிட்டார். அந்தப் புதுப்பெயர் பரவிய அளவுக்கு முன்னோடியின் பெயர் பரவவில்லை.

ஆகவே ‘சுட்டாக் கடன்’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். ‘கடன்சொல்’ என்பதில் உள்ள அதே கடன்தான். அதற்குக் கடமை என்னும் பொருளும் இருப்பது இவ்விடத்துக்கு மிகவும் பொருந்துகிறது. மூலத்தைச் சொல்லி எடுப்பதைச் ‘சுட்டிய கடன்’ என எதிர்ச்சொல்லாகவும் வழங்கலாம். பேச்சுவழக்கில் ‘சுட்டுவிட்டான்’ என்றால் திருடினான் என்றாகுமே என ஒருவர் ஐயம் எழுப்பக்கூடும். அது ‘சுடு’ என்பதன் வடிவம், இது ‘சுட்டு’ என்பதன் வடிவம். எதிர்மறையில் அது ‘சுடாத’ என்றும் இது ‘சுட்டாத’ என்றும் பிரிந்து நிற்பதால் எழுத்தில் மயக்கம் நேராது.

வரையறையில் ஓர் எல்லை கட்டாயம் வேண்டும். காயமுற்ற படைவீரர்களுக்குச் சுமையைப் படிப்படியாகக் கூட்டிப் பயிற்சி அளித்த தாமஸ் டெலோர்ம் 1945-இல் அதை எழுதினார். இன்று சுமை கூட்டும் ஒவ்வொருவரும் அவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது நடவாது, தேவையுமில்லை. துறையின் பொதுச்சொத்தாகிவிட்டதைக் கடனாகக் கருத வேண்டாம். அண்மையில் ஒருவர் தாமே அமைத்த பயிற்சி வரிசையையோ, அதற்கு அவர் தந்த விளக்கத்தையோ எடுப்பதற்கே இச்சொல் உரியது. அட்டவணையையும் சொற்களையும் அப்படியே படியெடுத்தால் அது திருட்டுதான். அதற்கு அந்தப் பெயரே இருக்கட்டும்.

வினையாக வரும்போது ‘சுட்டாது கடன்கொண்டார்’ என்பது எனக்குச் சற்று நீளமாகப் படுகிறது. சுருக்கமான வடிவம் தோன்றினால் எழுதுங்கள்.