கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டு வயரிங்கைச் சோதித்துத் தர ஆள் வேண்டும்

வணக்கம். ஐயா காலத்து வீடு, பங்காளிகளுக்குப் பொது. வளவை (உள் முற்றத்தை) சுற்றி இன்னும் தேக்குப்பட்டிக்குள் ஓடும் பழைய வயர்தான். தையில் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) சாந்திக் கல்யாணம். சீரியல் விளக்கு, ஏசி, கிரைண்டர் என்று லோடு ஏறும்.

சுவிட்சைத் தட்டிப் பார்த்து 'எல்லாம் சரி' என்பவர் வேண்டாம். அரசு மின் உரிமம் உள்ள ஒப்பந்ததாரர் வேண்டும். மெக்கர் (இன்சுலேஷன் அளக்கும் கருவி) வைத்து 500 வோல்ட்டில் வயரின் இன்சுலேஷன் பார்த்து, எர்த் அளந்து, பிற்காலத்தில் போட்ட 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) உண்மையில் ட்ரிப் ஆகிறதா என்றும் சோதித்து, அளவுகளை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். சோதிப்பவரே ரிப்பேர் வேலையும் எடுப்பதில் எனக்கு இஷ்டமில்லை (தேக்குப்பட்டி மேல் எல்லோருக்கும் ஒரு கண்).

காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டை, எந்த ஊர்க்காரர் என்றாலும் சரி. உங்கள் வீட்டில் செய்திருந்தால் எவ்வளவு கேட்டார்கள், உரிமத்தைக் காட்டினார்களா என்றும் சொல்லுங்கள்.