மலேசியா ஈப்போவுல படம் பாக்கப் போனேன், 50 வெள்ளி நோட்டு செல்லாதாம்!

தோட்டத்துப் பையன்: சுங்கை சிப்புட் பக்கம் இருக்கேன், பிள்ளைங்கள ஈப்போவுக்கு கூட்டிட்டுப் போயி மாயாஜால நாவல் படம் ஒண்ணு பாக்கலாம்னா கவுண்டர்ல காசு வாங்கலயாம், போன்ல ஸ்கேன் பண்ணிக் கட்டுற கியூஆர் மட்டுந்தானாம், 50 வெள்ளி நோட்ட வச்சிக்கிட்டு முழிச்சேன், போன்ல லைனும் இல்ல. பின்னால நின்ன சீனப் பையன் ஸ்கேன் பண்ணிட்டு நோட்ட வாங்கிக்கிட்டான். படமும் பாதி கதைய முழுங்கிருச்சி. இந்த கியூஆர நம்பலாமா?

மாலாக்கா: முழுங்குனா பரவால்ல தம்பி, டோல்கீன் எழுதுன ஹாபிட் ஒரே புத்தகம், அத 2012லேர்ந்து 2014 வரைக்கும் 3 படமா இழுத்தாங்களே! ஆனா அவரோட லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் படத்துல டாம் பாம்படில்ங்கிற ஆளு வர்ற பகுதியவே தூக்குனாங்க பாருங்க, அது எனக்கு இன்னும் ஆறல.

அப்பக்கடை அண்ணன்: படத்த விடுங்கலா. நான் பாசார் மாலாம்ல, அதான் ராத்திரிச் சந்தையில, அப்பம் விக்கிறேன், என் கியூஆர் மேல எவனோ அவன் ஸ்டிக்கர ஒட்டிட்டுப் போயிட்டான், ரெண்டு மணி நேர யாவாரம் அவன் கணக்குக்குப் போச்சி. இப்ப தெனம் கடை போட்டதும் நகத்தால ஓரத்த சுரண்டிப் பாக்குறேன். கட்டுறப்ப யாரு பேரு வருதுன்னு பாத்துட்டு அமுக்குங்க, ஏமாந்துட்டா உடனே மோசடி புகார் நம்பர் 997க்கு அடிங்க.

தோட்டத்துப் பையன்: பேரு பாக்கவே லைன் வேணுமேண்ணே...